தோம்பில் ஏழு பேர்

12 ஜனவரி 2025, இக்காஸ்ட்

மழை. உடுப்புத் தோய்க்கிற மெசின் மூன்றாம் நாளாகத் தண்ணீர் கக்குகிறது.

காலையில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திலிருந்து கிர்ஸ்டன் என்ற அம்மா போன் எடுத்தார். இளைப்பாறிய ஆசிரியை. மே மாதம் நூலகத்தில் ஒரு கூட்டமாம், டென்மார்க் ஒரு காலத்தில் பிடித்து வைத்திருந்த நாடுகளைப் பற்றி. கிரீன்லாந்துக்கு ஒருவர், கரீபியன் தீவுகளுக்கு ஒருவர், தரங்கம்பாடிக்கு நான். ஏன் நான் என்று கேட்டேன். நீங்கள் தமிழர்தானே என்றார்.

நான் யாழ்ப்பாணத்தான். தரங்கம்பாடியை வரைபடத்தில்கூடத் தேடினதில்லை. போனை வைத்துவிட்டுத் தேடினேன். 1620இல் டெனிஸ்காரன் போய்க் கோட்டை கட்டி, இருநூற்றுச் சொச்சம் வருஷம் இருந்துவிட்டு, இங்கிலீசுக்காரனுக்கு விற்றுப்போட்டு வந்திருக்கிறான். ஊரை விற்றிருக்கிறான், சனத்தோடு! இந்த நாட்டில் முப்பத்தெட்டு வருஷமாக இருக்கிறேன், ஒருத்தன் மூச்சு விடவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஓம் என்று சொல்லிவிட்டேன். இங்கத்தைத் தமிழ்ச் சங்கத்துக்குப் பதினொரு வருஷம் தலைவராக இருந்தவனுக்குப் பேசத் தெரியாதா? டென்மார்க் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன். தவமணியிடம் சொன்னேன். மெசினுக்கு ஆள் எப்ப வருவான் என்று கேட்டாள் என் மனைவி.

19 ஜனவரி

முதல் வசனம் அமைந்துவிட்டது. "மனிதனை அவன் பிறந்த பிறப்பை வைத்து அளந்ததுதான் காலனியத்தின் முதல் பாவம்." வாசித்துப் பார்த்தேன், எனக்கே மயிர் கூச்செறிந்தது.

டெனிசில் எழுதினால் பிழை வரும். சாரங்கியிடம் அனுப்பித் திருத்துவிக்க வேண்டும். மகள் ஓகூஸில் வழக்கறிஞராக இருப்பதில் இந்த ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும். வயது முப்பத்தொன்று. வரன் என்று வாய் திறந்தால் சிரிக்கிறாள்.

26 ஜனவரி

டெனிஸ் ராசா தரங்கம்பாடிக்கு அனுப்பிய பாதிரிமார் தமிழ் படித்து, தமிழில் புத்தகமே அச்சடித்திருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரன் பதினெட்டு வருஷமாக என் பெயரைச் சொல்லப் படிக்கவில்லை. "சபா" என்கிறான். நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி.

2 பெப்ரவரி

சாரங்கி வந்தாள். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னாள். கல்யாணம் செய்யப் போகிறாளாம். நாலு வருஷப் பழக்கமாம். ஆர் என்று கேட்டேன். சுபாங்கன், குலேந்திரன் மாமாவின்ர மகன் என்றாள்.

குலேந்திரனைப் பற்றி இந்தக் கொப்பியில் ஒரு கெட்ட சொல் எழுத மாட்டேன். யன்னல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் ஒரே ஷிப்ட். ஒரே காரில் போய் ஒரே காரில் வந்தோம். என் முதுகு பிடித்தபோது என் பங்குக் கண்ணாடியையும் சேர்த்துத் தூக்கினவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் அண்ணை என்றுதான் என்னைக் கூப்பிடுவான். மரியாதை தெரிந்த மனிசன். இளைப்பாறி இப்போது கிரின்ஸ்டெட்டில், மகனோடு இருக்கிறான். எல்லாம் சரி. அதுக்காக?

அவன் எந்த ஆக்கள் என்று எழுதத் தேவையில்லை. எனக்குத் தெரியும், தவமணிக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏழு வயசில கேட்டனான் அப்பா. அவையின்ர வீட்டில ஏன் நீங்கள் தேத்தண்ணி குடிக்கிறேல்லை எண்டு. கஸ்ரிக் எண்டனீங்கள்."

கஸ்ரிக், அந்த வயிற்றெரிவு, இருந்ததுதான். கொஞ்சம்.

தொழிற்சாலையில் குடிக்கவில்லையா? மெசின் கோப்பி சேர்ந்துதானே குடித்தோம். முதல் நாளே மேற்பார்வையாளன், ரெண்டு பேரும் தமிழர்தானே என்று ஒரே மேசையில் கொண்டுபோய் இருத்திவிட்டான். எங்களுக்குள் ஒரு வித்தியாசம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இதுதான் இவர்களுடைய இனத்துவேஷம். பேச்சில் சேர்க்க வேண்டும்.

ஓகஸ்ட் இருபத்திமூன்று, சில்க்போர்க்கில் மண்டபம் எடுத்தாயிற்றாம். போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மேடையில நிண்டு என்ர கையைப் பிடிச்சுக் குடுங்கோ. நீங்கள் வராட்டி, நான் பிறகு இந்த வீட்டுக்கு வரமாட்டன். கோவத்தில சொல்லேல்லை அப்பா, யோசிச்சுத்தான் சொல்லுறன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கட்சிக்காரனுக்கு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

4 பெப்ரவரி

ரொறன்ரோவில் இருக்கிற மாமாவுக்குப் போன் எடுத்து விசாரித்தேன். பத்தொன்பது வருஷம் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவனைப் பற்றி, நாலாயிரம் மைல் தள்ளி இருக்கிற கிழவரிடம் கேட்டேன். அவர் எங்கள் ஊரில் அந்தச் சனம் குடியிருந்த ஒரு மூலையை மட்டும் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது போதும்.

16 பெப்ரவரி

பேச்சின் முதல் நாலு பக்கம் திருத்தி வந்திருக்கிறது. பரவாயில்லை, கோபத்திலும் வேலையைச் சரியாகச் செய்கிறாள். ஆனால் ஓரத்தில் சின்னச் சின்னக் கேள்வி போட்டிருக்கிறாள்.

"பிறப்பை வைத்து மனிதரை அளந்தார்கள்" என்ற இடத்தில்: யார்?

"தங்கள் மேசையில் அவர்களை இருத்தவில்லை" என்ற இடத்தில்: யாருடைய மேசை? எந்த ஆண்டு?

"வேறு இனத்தவரோடு திருமணம் செய்தவர்களை ஒதுக்கினார்கள்" என்ற இடத்தில் கேள்வியே இல்லை. சிரிக்கிற மூஞ்சி ஒன்று.

சட்டம் படிக்க விட்டது என் பிழை.

1 மார்ச்

போனில் அரை மணித்தியாலம் சண்டை. தேசவழமை என்று எங்களுக்கென ஒரு சட்டம் இருந்தது, அது எங்கள் முன்னோரின் ஞானம் என்று எழுதியிருந்தேன். எழுதினது ஆர் என்று கேட்டாள். ஒல்லாந்தன்தான், டச்சுக்காரன். யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டவன் அவன்தானே, ஆனால் எங்கட வழக்கத்தைக் கேட்டுத்தான் எழுதினான். எங்கட பெரியவர்கள், பன்னிரண்டு முதலிமார், வாசித்துப் பார்த்துச் சரி என்றார்கள்.

"அதில அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கு. அவையிட்டயும் வாசிக்கக் குடுத்தவையோ?"

எழுத வாசிக்கத் தெரியாதவர்களிடம் எப்படிக் கொடுப்பது என்றேன். ஏன் தெரியாது என்றாள். இப்படியே கேட்டுக்கொண்டு போனால் எந்தப் பேச்சை எப்போது முடிப்பது. கல்யாணத்தைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

15 மார்ச்

கிடைத்துவிட்டது! கிடைத்தேவிட்டது.

எங்கள் குடும்பத்தில் வழிவழியாக ஒரு கதை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் எங்கள் பெயர் இருக்கிறது என்று. தோம்பு என்றால், காணி எவ்வளவு, மரம் எத்தனை, வீட்டில் ஆள் எத்தனை என்று ஒல்லாந்தன் ஊர் ஊராக எண்ணி எழுதிவைத்த பதிவேடு. கல்யாணம் பேசுகிற இடத்தில் என் தகப்பனார் இதைச் சொல்லாமல் எழும்பினதே இல்லை. ஆனால் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. லண்டன் அண்ணனின் மகன், ஒல்லாந்தில் இருக்கிற டிலுக்சன், சுவடிக்கூடத்தில் தேடிப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். படத்துக்குக் கீழே எல்லாவற்றையும் வாசித்து விளங்கத் தட்டச்சும் செய்திருக்கிறான். கெட்டிக்காரன்.

எங்கள் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் பெயர், துலாம்பரமாக. வயற்காணி, தோட்டக்காணி, பனை முந்நூற்றுப் பன்னிரண்டு, கிணறு இரண்டு, எருது எட்டு, அடிமை ஏழு.

ஏழு! அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஏழு என்றால் சும்மாவா? அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும். இந்தக் கடதாசியைக் கூட்டத்தில் காட்டினால், எப்பேர்ப்பட்ட குடும்பங்களை வந்து குலைத்தார்கள் என்று டெனிஸ்காரருக்கும் விளங்கும்.

22 மார்ச்

தோம்பைப் பற்றி ஒரு பந்தி எழுதி அனுப்பினேன். "ஏழு வேலையாட்கள்" என்று போட்டிருந்தேன். சாரங்கி அதை வெட்டி "அடிமைகள்" என்று மாற்றியிருந்தாள். நான் திரும்ப மாற்றினேன். அவள் திரும்ப மாற்றினாள். மூன்றாம் தரம் போன் எடுத்து, அந்த நாளில் அவர்களும் வீட்டு ஆட்கள் மாதிரித்தான், ஒன்றுக்குள் ஒன்று என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப ஏன் மாட்டுக்குக் கீழ எழுதியிருக்கு?"

அது ஒல்லாந்தனின் பட்டியல், அவன் போட்ட ஒழுங்கு என்றேன். அந்த ஏழு பேரின் பெயர் என்ன என்று கேட்டாள். கையெழுத்து விளங்கவில்லை என்று சொன்னேன்.

19 ஏப்ரல்

சங்கத்தின் சித்திரை வருஷக் கொண்டாட்டம். தோம்பின் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டினேன். ஒரு முப்பது பேர் பார்த்திருப்பார்கள். இப்போதைய தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எத்தனை பேர் என்று கேட்டவர்களுக்கு ஏழு என்றேன். ஆறு பேர் வைத்திருந்த குடும்பம் ஒன்று தங்களுக்கும் சொந்தம் என்று ஒருத்தர் தொடங்கினார்.

திரும்பினால் குலேந்திரன் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறான், கையில் தட்டு. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. "சுகமோ அண்ணை" என்றான். சுகம் என்றேன். பிள்ளைகளைப் பற்றி இரண்டு பேரும் எடுக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு நல்லாயிருக்கு என்றான். அதுவும் உண்மைதான்.

8 மே

கூட்டம் முடிந்தது.

கிரீன்லாந்துப் பெண் ஒருத்தி முதலில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் தன் தாயின் மொழியை மறக்க வைத்தார்கள், இப்போது தாயோடு மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் கதைக்கிறாள் என்று எட்டு நிமிஷம். கையில் தாள்கூட இல்லை. சொல்லிவிட்டுப் போய் இருந்தாள். நான் நாற்பது நிமிஷத்துக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

மூன்றாம் வரிசையில் குலேந்திரன், மகனையும் கூட்டிக்கொண்டு. வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. தோம்பு ஏழாம் பக்கத்தில் இருந்தது. ஆறாம் பக்கம் முடிந்ததும் இரண்டு தாளையும் சேர்த்துப் புரட்டி எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்ற சாரங்கிக்கு மட்டும் தெரியும், அவள்தானே திருத்தினவள்.

மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லி முடித்தேன். கைதட்டல் நிற்க, ஒரு வயதான மனிதர் எழும்பினார். பன்றிப் பண்ணை வைத்திருந்தவராம். கண்ணில் தண்ணீர். டென்மார்க்கின் பேரில் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லி, வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தரங்கம்பாடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனக்கும் நாலு மாசத்துக்கு முன்னம் தெரியாது. மன்னிச்சுவிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்கிறது? பிறகு கோப்பியும் கேக்கும் வந்தன.

ஆசைப்பட்டது கிடைத்தது. மனம் ஏன் இப்படிப் புளிக்கிறது? அந்த மனிதர் என் வீட்டுக்கு வரப்போவதில்லை, நான் அவர் வீட்டுக்குப் போகப்போவதில்லை. அதனால்தான் இவ்வளவு சுகமாக வந்துவிட்டது போல. குலேந்திரனும் தட்டினான் கை. நல்லாய்த் தட்டினான்.

11 மே

குலேந்திரன் போன் எடுத்தான். கல்யாணக் கதையை எடுக்கப் போகிறான் என்று நெஞ்சைத் தயார்படுத்தினேன். அவன் கேட்டது வேறு.

"அண்ணை, அண்டைக்குச் சங்கத்தில காட்டின கடதாசியில அந்த ஏழு பேரின்ர பேரும் கிடக்கோ?"

ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு அப்பாவின்ர அப்பா பேர் மட்டுந்தான் தெரியும். அதுக்கங்கால ஒண்டுமில்லை. எங்கட சனத்தை ஆரும் எழுதிவைக்கேல்லை. அது எங்கட ஆக்களோ வேற ஆக்களோ தெரியாது. எண்டாலும் ஒருக்காப் பாத்தா நல்லம் அண்ணை."

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் இருந்தது. ஊரில் ஒரு வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்கிற மாதிரிக் கேட்டான். எழுத்து விளங்கேல்லை, பாத்துச் சொல்லுறன் என்றேன்.

பொய். விளங்காத எழுத்தா? டிலுக்சன் கொட்டை எழுத்தில் அடித்து அனுப்பியிருக்கிறான். நான்தான் வாசிக்கவில்லை. பனை எத்தனை என்று தெரியும், எருது எத்தனை என்று தெரியும். முப்பது பேருக்கு ஏழு ஏழு என்று சொன்னேனே, ஒரு பெயரையாவது பார்த்தேனா? அள்ளிக்கொண்டு போக வந்த ஒல்லாந்தன் பெயரை எழுதியிருக்கிறான். நாங்கள் எண்ணிக்கையை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறோம்.

25 மே

முடிவெடுத்துவிட்டேன். காலம் மாறிவிட்டது, பெரியவர்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். சம்மதம் கொடுக்கிறேன். தவமணியிடம் சொன்னேன். ஆரும் உங்களிட்டச் சம்மதம் கேட்டவையோ, மேடைக்கு வாங்கோ எண்டுதானே பிள்ளை கேட்டவள் என்றாள். பெரிய மனது பண்ணுகிற நேரத்தில் இப்படித்தான் குறுக்கே விழுவாள்.

1 யூன்

கிரின்ஸ்டெட் போனோம். தட்டில் பழம், வெற்றிலை, பாக்கு. கார் ஓடுகிறபோதே என்ன சொல்லுவது என்று ஒத்திகை பார்த்தேன். "எங்களுக்குள் இனி என்ன இருக்கு" என்று தொடங்கலாம். குலேந்திரன் உருகிவிடுவான் என்று நினைத்தேன்.

குலேந்திரன் கதவைத் திறந்துவிட்டான். பேசினது அவன் மனைவி யோகமலர். தட்டை வாங்கி மேசையில் வைத்தாள், இருங்கோ என்றாள். தேத்தண்ணி வந்தது, ஒன்று தவமணிக்கு, ஒன்று குலேந்திரனுக்கு. எனக்கு இல்லை. "உங்களுக்குக் கஸ்ரிக் எல்லோ" என்றாள். சிரிக்கவில்லை.

நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கட குடும்பத்தைப் பற்றி நாங்களும் விசாரிச்சனாங்கள் என்றாள்.

எங்களை! எங்களை விசாரிக்கிறதோ? ஆர் ஆரை? காது இரண்டும் சுட்டது. தவமணி என் முழங்காலில் கையை வைத்தாள், எழும்பாமல் இருக்க.

"நானும் உங்கட ஊர்தான். உங்கட அப்பாவின்ர கிணத்தடியில எங்கட அம்மா குடத்தோட நிண்டவ. கயித்தில கை வைக்கக் கூடாது. ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் நிக்கோணும். உங்கட வீட்டுப் பெடியன் ஒருத்தன் படலையில இருந்து பாத்துக்கொண்டு இருப்பானாம், ஆனா எழும்பி வரமாட்டானாம்."

அந்தப் பெடியன் நான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை, குடம்தான் ஞாபகம், அலுமினியக் குடம், விளிம்பு நெளிந்தது. எழும்பிப் போய் ஊற்றினால் என்ன என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததுதான்... சே. எட்டு வயசுப் பெடியனுக்கு அதை ஆர் படிப்பிச்சது? ஒல்லாந்தனோ?

கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்கள் டெனிஸ்காரரிட்ட மன்னிப்பு வாங்கிட்டியள், சந்தோசம். அந்தக் கடதாசியைக் கலியாண மண்டபத்தில, உங்கட சங்கத்து ஆக்களுக்கு முன்னால, தமிழில வாசியுங்கோ. பேரோட. ஏலுமெண்டா மேடைக்கு வாங்கோ. ஏலாட்டி வந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ, கையைத் தவமணி அக்கா பிடிச்சுக் குடுப்பா."



2 யூன்

வாசிக்க மாட்டேன்.

8 யூன்

சாரங்கியோடு கதைத்தேன். மாமி சொன்னது தெரியும் என்றாள். நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன். மேடையில நீங்கள் நிக்கோணும் எண்டுதான் எனக்கு ஆசை, ஆனா மாமியிட்டப் போய் விட்டுக்குடுங்கோ எண்டு கேக்கமாட்டன் என்றாள். குரல் உடைந்தது. இந்த வருஷத்தில் முதல் தரம் பிள்ளையின் குரல் உடைந்து கேட்கிறேன்.

21 யூன்

விஷயம் எப்படியோ வெளியில் போய்விட்டது. சங்கத் தலைவர் போன் எடுத்தார். கல்யாண வீட்டில் பழைய குப்பையைக் கிளறுவது அழகில்லை என்றார். சித்திரை வருஷத்தன்று இதே கடதாசிக்குத்தான் கை குலுக்கினார். லண்டனிலிருந்து அண்ணன் எடுத்துக் கத்தினார். குடும்ப மானம் என்றார். அந்தக் கடதாசியில் எங்கட மானம்தானே அண்ணை எழுதிக் கிடக்கு, முழுசாத்தானே வாசிக்கச் சொல்லினம் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டு பேருமே திடுக்கிட்டுப் போனோம்.

5 யூலை

இன்றும் யோகமலரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு நிபந்தனை போட அவள் ஆர், வந்த இடத்தில் தலைகீழாக எல்லாம் மாறுகிறதோ என்று. தவமணி மூதாளர் இல்லத்தில் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்தாள். மேற்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா நான் டெனிஸ்காரரின்ர குண்டி கழுவுறன். அந்தக் காசில இந்த வீடு வாங்கினது. ஊரில ஊத்தை எடுக்கிறவையை உங்கட அம்மா வளவுக்குள்ள விட்டவவோ? என்னை எந்த வாசலால வரச் சொல்லுறியள்?"

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் குசினியில் நின்றேன்.

20 யூலை

டிலுக்சன் அனுப்பியதைத் திறந்து வாசித்தேன். ஏழு பெயரும். பிறகு வெளியில் போய்ப் புல் வெட்டினேன். வெட்டின இடத்தையே திரும்ப வெட்டிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் சொன்னான்.

3 ஓகஸ்ட்

யோகமலருக்குப் போன் எடுத்தேன். வாசிக்கிறன் என்றேன். சரி என்றாள். கிணற்றடிப் பெடியன் நான்தான் என்றும் சொன்னேன். தெரியும், அதுதானே சொன்னனான் என்றாள். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். அதையும் தாளின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

24 ஓகஸ்ட்

கொஞ்சமாக எழுதுகிறேன்.

நேற்றுச் சில்க்போர்க்கில் இருநூற்றெழுபது பேர். தாலி கட்டுவதற்கு முதல் வாசிக்க வேண்டும் என்று நானே ஐயரிடம் கேட்டேன். பிறகு வாசித்தால் அது பேச்சாகிவிடும். மைக்கை வாங்கி, காணி, பனை, கிணறு, எருது என்று தொடங்கினேன். சங்கத்து மேசையில் தலையாட்டினார்கள், பழைய கதைதானே என்று. பிறகு அடிமைகள் என்று சொன்னேன். டெனிசில் நான் புரட்டித் தாண்டின சொல், தமிழில் அதைவிடப் பாரம். இவர்களை என் குடும்பம் வைத்திருந்தது, இவ்வளவு நாளும் இதைப் பெருமை என்று சொல்லித் திரிந்தேன், சொன்னவன் நான் என்றேன். கிணற்றடியையும் சொன்னேன், அந்த அம்மாவின் பெயரோடு. பிறகு ஒவ்வொரு பெயராக வாசித்தேன்.

லண்டன் அண்ணன்தான் முதலில் எழும்பினார். அவருக்குப் பின்னால் சங்கத்து மேசை, அதுக்குப் பின்னால் இன்னொரு மேசை. கதிரைகள் இழுபட்ட சத்தம் காதைக் குத்தியது. சாரங்கியின் டெனிஸ் சிநேகிதர்கள் ஒன்றும் விளங்காமல், கவிதை என்று நினைத்தார்களோ என்னவோ, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யோகமலர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மகள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் நிற்கவில்லை, ஏழையும் வாசித்து முடித்தேன்.

முன்வரிசையில் இருந்து குலேந்திரன் எழும்பினார். கதிரைச் சத்தத்தில் நாலாவது பெயர் காதில் விழவில்லை, இன்னொருமுறை சொல்ல ஏலுமோ என்று கேட்டார். போகிறவர்கள் எல்லாம் போய், கதவு சாத்துப்படும்வரை பொறுத்திருந்துவிட்டு வாசித்தேன்.

"வள்ளி. வயது ஒன்பது."